படம் மட்டும் வந்தது

சனிக்கிழமை, மாலை மணி 5.35.

கோரின் ஸ்டாங் முதியோர் இல்லத்துச் சமையல் வேலையை முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். வாசலிலேயே பூட்ஸைக் கழற்றினாள். இரவுக்கு வாங்கி வந்த இறைச்சி அடைத்த மூன்று பேஸ்டி ரொட்டிகளை அடுப்பு மேல் வைத்துவிட்டு, "வெண்டல்! சாப்பாடு!" என்று மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். பதில் இல்லை. தம்பி அறையிலிருந்து எந்நேரமும் கேட்கும் வீடியோ கேம் இரைச்சலும் இல்லை.

நிலவறைக் கதவின் அடியில் வெளிச்சம் தெரிந்தது. இறங்கிப் போனாள்.

வெண்டல் பழைய சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். காதில் ஹெட்போன். மடியில் கன்ட்ரோலர், அதன் மேல் இரண்டு கையும். எதிரே மேஜையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் மானிட்டர், பக்கத்தில் அவனுடைய கேம் கன்சோல். திரையில் இரண்டு சண்டை வீரர்கள் அசையாமல் நின்றார்கள். மேலே "முதல் ஆட்டக்காரர் 2, இரண்டாம் ஆட்டக்காரர் 0" என்று எழுதியிருந்தது.

அவன் கன்னம் இரண்டும் நல்ல ரோஜா நிறத்தில் இருந்தன. அசந்து தூங்குகிறான் என்றுதான் கோரின் நினைத்தாள். தோளைத் தொட்டாள். பிறகு மேலே வந்து, அவசர எண்ணுக்குப் போன் செய்து, "என் தம்பி செத்துட்டான். கண்ணு தெரியாதவன்" என்றாள். ஏன் அந்த இரண்டாவது வாக்கியத்தைச் சொன்னோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

மணி 5.52. துணை அதிகாரி ஜெரோம் பெல்லேர் நச்சுவாயு காட்டும் கருவியோடு உள்ளே போனவன், கருவி அலறியதும் எல்லா ஜன்னலையும் திறந்தான். கார்பன் மோனாக்சைடு. வீட்டைச் சுற்றி ஓடிப் பின்சுவரைப் பார்த்தான். வீட்டைச் சூடாக்கும் ஃபர்னேஸின் புகைக்குழாய் வாய்வரை பனியால் அடைபட்டிருந்தது.

நார்ட்டன் பே ஊரில் பனி விழுந்த காலையில், காபிக்கு முன்னால் எல்லோரும் செய்கிற வேலை அந்தக் குழாயைத் தோண்டி விடுவது. பின்சுவரில் முழங்கால் உயரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். மண்வாரியால் நாலு வாரு வாரினால் போதும். அதைச் செய்யாவிட்டால் நச்சுப் புகை வீட்டுக்குள்ளேயே தங்கிவிடும். அதற்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. அந்த வீட்டில் அந்த வேலை கோரினுடையது. அவள் கணவன் ராட்னிக்கு முதுகுவலி. பனி அள்ள மட்டும் வரும் முதுகுவலி என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு.

பனி சனிக்கிழமை விடிகாலை ஐந்து மணிக்கே நின்றுவிட்டது. அதற்குப் பிறகு ஒரு துளி விழவில்லை, காற்றும் இல்லை. ஆகவே ஞாயிறு காலைப் பிரார்த்தனை முடிந்து மாதா கோயில் ஹாலில் காபி ஊற்றும்போதே எங்கள் ஊர் தீர்ப்பெழுதிவிட்டது. பாவம் கோரின், மறந்துவிட்டாள்.

ஞாயிறு, காலை மணி 10.10.

ஷெரிஃப் அலுவலகத்துத் துப்பறியும் அதிகாரி லோர்னா தெர்வோ அந்த வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்திருந்தாள். ஐம்பத்தாறு வயது. அதிகம் பேசமாட்டாள். பேசினால் கேள்வியாகத்தான் இருக்கும். மாலை நான்கு மணிக்கு அவள் அறிக்கை கொடுத்தாக வேண்டும். அதில் ஒரு பெயர் எழுத வேண்டும், யாருடைய கவனக்குறைவு என்று.

எதிரே கோரின். நேற்றைய சமையல் ஏப்ரனையே இன்னும் கட்டியிருந்தாள். முன்னால் இருந்த காபி ஆறி ஆடை படிந்திருந்தது. அவள் அழவில்லை. அழுகை வரவில்லை என்பதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. உள்ளே எங்கேயோ ஒரு விளக்கை அணைத்துவிட்ட மாதிரி இருந்தது.

"நேத்து காலைல குழாயை அள்ளினீங்களா?"

"தினமும் ஆறு மணிக்கு அள்ளுவேன்."

"நேத்து?"

கோரின் விரல் விட்டு நாட்களை எண்ணினாள். "அள்ளின மாதிரிதான் ஞாபகம். ஆனா அது நேத்தா, வெள்ளிக்கிழமையா? எல்லா நாளும் ஒரே இருட்டு, ஒரே பனி, ஒரே மண்வாரி. சத்தியம் பண்ணச் சொன்னா என்னால முடியாது."

"வக்கீல் யாராவது பக்கத்துல இருந்தா இப்படிப் பேச விடமாட்டாங்க."

"விடலைன்னா மட்டும் என்ன? நான் அள்ளினேனா இல்லையான்னு எனக்குத் தெரியணும், லோர்னா. அது ஒண்ணுதான் வேணும். நான்தான் கொன்னேன்னா அதையாவது தெரிஞ்சுக்கறேன்." இதைச் சொல்லும்போதும் அவள் குரல் கடைச் சாமான் பட்டியல் வாசிப்பது போலத்தான் இருந்தது.

"வெண்டல்கிட்ட கடைசியா எப்பப் பேசினீங்க?"

"பதினொண்ணு அஞ்சுக்கு. என் இடைவேளைல போன் பண்ணினேன். 'அக்கா, உன் வீட்டுக்காரர் எனக்குக் காபி போட்டுக் குடுக்கறார், சீக்கிரம் வந்து வேடிக்கை பாரு'ன்னு சிரிச்சான்."

"அதுல என்ன சிரிப்பு?"

"ராட்னி பதினாறு வருஷத்துல ஒரு தரம் காபி போட்டதில்ல." கோரின் பாத்திரம் உலர்த்தும் தட்டைப் பார்த்தாள். ஒரே ஒரு கோப்பை கவிழ்ந்து கிடந்தது. "கழுவினதும் இல்ல. நேத்து ரெண்டும் பண்ணியிருக்கார்."

லோர்னா அந்தக் கோப்பையைப் பார்த்தாள். எழுதிக்கொள்ளவில்லை. அதற்குப் பின்னால், ஃபிரிட்ஜ் கதவில் ஒரு கள்ளிச்செடி அஞ்சலட்டை காந்தத்தில் ஒட்டியிருந்தது.

"அரிசோனா?"

"அவர் அண்ணன் அங்க இருக்கார். ராட்னிக்கு அங்க போயிடணும். பனியே வேணாமாம். அஞ்சு வருஷமாச் சொல்றார். வெண்டலுக்கு இந்த வீடு கால்ல மனப்பாடம், புது இடத்துல மறுபடி சுவரைத் தடவச் சொல்ல முடியுமா? அவன் இருக்கற வரைக்கும் நான் நகரமாட்டேன்னு சொல்லிட்டேன்." அஞ்சலட்டையைத் திரும்பிப் பார்த்தாள். "இப்ப நகரலாம், இல்ல?"

லோர்னா நோட்டின் அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். இருபத்தெட்டு வருஷ வேலையில் பதில் இல்லாத கேள்விகளை அப்படியே விட்டுவிடப் பழகியிருந்தாள்.

"தூக்க மாத்திரை ஏதாவது வீட்ல இருக்கா?"

"என்னுது இருக்கு. எண்ணி வெச்சுக்கறதில்ல."

மணி 10.45. ராட்னி ஸ்டாங் வாசலில் இருந்து உள்ளே வந்தான். பெரிய உடம்பு, பெரிய குரல். லோர்னாவோடு ஒரே பள்ளியில் படித்தவன்.

"ஞாயித்துக்கிழமைகூட விடமாட்டியா லோர்னா? அவளைப் பாரு, கரைஞ்சு போயிருக்கா. மனுஷன் மறக்கறது சகஜம். நான் அவளை ஒரு வார்த்தை சொல்லல."

"நல்ல மனசு. நேத்து என்ன நடந்துச்சு, நீயே சொல்லு."

"எத்தனை தரம்டீ? சரி. பதினொண்ணரை வாக்குல நானும் வெண்டலும் கீழ போனோம். அவன் மாடி ரூம் ஸ்பீக்கர் என் மண்டையைப் பிளக்குது. 'வாடா, கீழ வெச்சு ஆடுவோம், நானும் வரேன்'னேன். அவனுக்குத் திரை வேணாம், எனக்கு வேணும்ல? கீழ ஒரு பழைய மானிட்டர் தூங்கிட்டிருந்துச்சு. அதுல படம் வர வைக்கறதுக்குள்ள எனக்கு உசிரே போயிடுச்சு. புது கேபிள் அதுல சொருகல. பெட்டியெல்லாம் கொட்டிக் கவுத்து ஒரு பழைய கேபிளைத் தேடி எடுத்து மாட்டினேன். படம் வந்துச்சு. அவன் ஹெட்போன் மாட்டிக்கிட்டான், ஆடினோம்."

"ஜெயிச்சது யாரு?"

"கேக்கணுமா? ரெண்டு ரவுண்டும் அவன்தான். கண்ணு தெரியாதவன்கிட்ட உதை வாங்கிட்டு நிக்கறேன். 'போய் மீன் பிடிங்க, அதுக்குத்தான் நீங்க லாயக்கு'ன்னான்." ராட்னி சிரித்தான். பிறகு சிரித்தது நினைவுக்கு வந்து மூக்கைத் துடைத்துக்கொண்டான். "ஒரு மணிக்குக் கிளம்பினேன். கையாட்டினான். அவ்வளவுதான்."

"எங்க போனே?"

"ஏரிக்கு. உறைஞ்ச ஏரி மேல மீன் பிடிக்க நம்ம குடிசை இருக்கே. ஒண்ணு இருபதுக்கெல்லாம் அங்க இருந்தேன். ரெண்டு பேர் சாட்சி. வேணும்னா மீனையும் கேளு."

"ஃபர்னேஸ் பக்கத்துல நச்சுப் புகை அலாரம் ஒண்ணு இருந்துச்சாமே?"

"நவம்பர்லயே கழட்டிட்டேன். காலாவதியாகி நிமிஷத்துக்கு ஒருதரம் கீச் கீச்னு கத்துச்சு. புதுசு வாங்கணும்னு நினைச்சேன், மறந்துட்டேன். நானும் மறக்கறவன்தான்."

"புகை அடைச்சா ஃபர்னேஸ் தானே அணைஞ்சிடணுமே?"

"அந்த ஸ்விட்ச் போன குளிர்காலமே போயிடுச்சு. கம்பி வெச்சு இணைச்சிருக்கேன். இந்தத் தெருவுல பாதி வீட்ல அப்படித்தான்." அது உண்மைதான்.

ராட்னி போனதும் லோர்னா மாடிக்கு ஏறினாள். கூடவே ஜெரோம். இருபத்தேழு வயதுக்காரன், வேலை இல்லாத நேரமெல்லாம் கேம் ஆடுகிறவன்.

வெண்டலின் அறையில் ஒரு கட்டில், ஒரு நாற்காலி. நாற்காலிக்கு இடதும் வலதும் சம தூரத்தில் இரண்டு ஸ்பீக்கர். நாற்காலிக் கால் நிற்க வேண்டிய இடத்தில் தரையில் டேப் ஒட்டி அடையாளம் வைத்திருந்தான். விரலால் தடவிப் பார்க்க.

"இந்த ரூம்ல டிவியே இல்லையே?" என்றாள் லோர்னா.

"அவனுக்கு எதுக்கு மேடம்? நூலகத்துல வெள்ளிக்கிழமை போட்டி நடக்கும்ல, அங்க என்னையே எட்டு தரம் அடிச்சிருக்கான். ஒவ்வொரு குத்துக்கும் ஒரு சத்தம் இருக்கு. இடது காதுல கேட்டா எதிராளி இடதுல இருக்கான். குதிச்சா துணி படபடங்கும். அவனுக்குக் காதுதான் கண்ணு. ஆட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ரெண்டு ஸ்பீக்கரையும் சோதிப்பான். ஒண்ணு கம்மியா இருந்தாலும், 'எவன்டா என் கண்ணுல மண்ணைத் தூவினது'ன்னு கத்துவான்."

ஸ்பீக்கர்களின் வயர் இரண்டும் அலமாரியில் இருந்த தீப்பெட்டி அளவுச் சின்னப் பெட்டி ஒன்றில் போய்ச் சேர்ந்தன. பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. அதன் மேல் பிரெயில் புள்ளி எழுத்தில் ஏதோ ஒட்டியிருந்தது. கன்சோலோடு பெட்டியை இணைக்கும் இன்னொரு கேபிள், முனை வெறுமையாக, தரையில் கிடந்தது.

"இது என்ன?"

ஜெரோம் சொன்னான். லோர்னா இரண்டு தரம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். அவளுக்கு வீடியோ கேம் பற்றி ஒரு எழவும் தெரியாது.

மணி 11.30. நிலவறை. மானிட்டரும் கன்சோலும் நேற்று இருந்தபடியே இருந்தன. லோர்னா மேஜைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். கன்சோலிலிருந்து கிளம்பிய தடித்த பழைய கேபிள், மானிட்டரின் அகலமான, நிறைய ஓட்டையுள்ள வெள்ளைச் சொருகியில் திருகாணி போட்டு முறுக்கப்பட்டிருந்தது. ஹெட்போனின் வயர் மானிட்டரின் பின்பக்கத்து வட்டமான சின்ன ஓட்டையில் இருந்தது. அவள் நாற்காலியில் உட்கார்ந்து, ஹெட்போனை மாட்டி, கண்ணை மூடிக்கொண்டாள். "ஆடு" என்றாள். ஜெரோம் கன்ட்ரோலரைத் தட்டினான். திரையில் இருவரும் அடித்துக்கொண்டார்கள். ஒரு நிமிஷம் அப்படியே இருந்துவிட்டு எழுந்தாள்.

சலவைத் தொட்டிக்கு அடியில் ஒரு வாளி இருந்தது.

"நான்தான் மேடம். குழாயில இருந்த பனியை ஆதாரம்னு அள்ளி வெச்சேன். ராத்திரில உருகிடுச்சு. வகுப்புல ஃப்ரீசர்ல வைக்கணும்னு சொல்லிக் குடுக்கல," என்று ஜெரோம் தலையைச் சொறிந்தான்.

"நல்லதாப் போச்சு," என்றாள் லோர்னா. வாளித் தண்ணீரின் அடியில் பழுப்பு மணல் ஒரு விரற்கடை படிந்திருந்தது. அதில் உப்புக் கட்டிகள் சில கரையாமல் கிடந்தன.

வெளியே போனாள். பின்பக்கம் முழுக்க மாவு மாதிரி வெண்பனி. ஒரு கை அள்ளிப் பிடித்தாள். விரலிடுக்கில் உதிர்ந்தது. உறைநிலைக்கு இருபது டிகிரி கீழே இருக்கும்போது பனி ஒட்டாது, குழந்தைகளால் பந்துகூட உருட்ட முடியாது. முன்பக்கம் வந்தாள். தெருவோரம் பனிவாரி வண்டி தள்ளிவிட்டுப் போன வரப்பு இடுப்பளவு நின்றது. கட்டி கட்டியாக, அழுக்காக. நகராட்சிக்குப் போன் செய்தாள். சனிக்கிழமை அந்தத் தெருவுக்கு வண்டி வந்தது காலை 9.40.

அப்புறம் இன்னும் இரண்டு போன். ஏரியில் ராட்னியோடு இருந்த இருவரும் அவன் 1.20-க்கு வந்ததாகச் சொன்னார்கள். மருத்துவப் பரிசோதகரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அவர், "ரத்தத்தைச் சோதிச்சு மூணு மணிக்குச் சொல்றேன்," என்றார்.

மணி 3.15. நிலவறை.

லோர்னா எல்லோரையும் கீழே வரச் சொன்னாள். கோரின் கடைசிப் படியில் உட்கார்ந்தாள். ஏப்ரனை இன்னும் அவிழ்க்கவில்லை. ஜெரோம் கன்சோல் பக்கத்தில் நின்றான்.

"நாடகம் எதுக்கு?" என்றான் ராட்னி. "அவளை ஏன் இங்க இழுத்துட்டு வந்தே? இந்த நாற்காலியைப் பாக்கணுமா அவ?"

"அவங்க ஒரு கேள்வி கேட்டாங்க. பதிலை அவங்களும் கேக்கணும். நாற்காலில உக்காரு ராட்னி."

"நான் எதுக்கு?"

"நேத்து வெண்டல் எப்படி ஆடினான்னு எனக்குப் புரியல. காட்டு."

ராட்னி தோளைக் குலுக்கிவிட்டு உட்கார்ந்தான். லோர்னா ஹெட்போனை எடுத்து அவன் காதில் மாட்டினாள். கன்ட்ரோலரைக் கையில் கொடுத்தாள். ஜெரோம் இன்னொன்றை எடுத்தான். திரையில் ஆட்டம் தொடங்கியது. ஒருவன் பாய்ந்து உதைத்தான். இன்னொருவன் விழுந்தான்.

"இப்ப கண்ணை மூடு," என்றாள் லோர்னா.

ராட்னி மூடினான். இரண்டு நொடி. மூன்று நொடி. அவன் முகத்திலிருந்து அந்தப் பெரிய சிரிப்பு மெல்ல இறங்கிப் போனது. கை தானாக ஹெட்போன் வயரைத் தடவியது. கண்ணைத் திறந்தான்.

"வயர் லூஸா இருக்கு."

"இல்ல. நேத்து எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கு. ஜெரோம், சொல்லு."

"அந்தப் பழைய கேபிள் படத்தை மட்டும்தான் கொண்டு போகும்," என்றான் ஜெரோம். "சத்தம் அதுல போகவே போகாது. மானிட்டர்ல ஹெட்போன் ஓட்டை இருக்கும், ஆனா அதுக்குச் சத்தம் வந்து சேரணுமே. இதுல ஸ்பீக்கரும் கிடையாது. இந்தக் கன்சோலோட கன்ட்ரோலர்ல ஹெட்போன் சொருகவும் இடமில்ல. சத்தத்தைத் தனியாப் பிரிச்சு எடுக்க ஒரு சின்னப் பெட்டி வேணும். வெண்டல்கிட்ட இருந்துச்சு. மேல அலமாரில, பச்சை விளக்கோட இன்னமும் எரிஞ்சிட்டிருக்கு."

"அதோட பேரைக்கூட அவன் புள்ளி எழுத்துல ஒட்டி வெச்சிருக்கான்," என்றாள் லோர்னா. "நீ கன்சோலைப் பிடுங்கினப்ப அதை அங்கயே விட்டுட்டே. அது எதுக்குன்னு உனக்குத் தெரியாது. படம் வரலைன்னு கேபிள் மாத்தினே. படம் வந்துச்சு. படம் வந்ததும் வேலை முடிஞ்சுதுன்னு நினைச்சே. கண்ணு தெரிஞ்ச யாரா இருந்தாலும் அப்படித்தான் நினைப்பாங்க. நேத்து ஜெரோம்கூட திரையைப் பாத்துட்டு, 'ஆடிட்டிருந்திருக்கான்'னு எழுதிட்டுப் போனான்."

ஜெரோம் தரையைப் பார்த்தான்.

"சத்தம் இல்லாமலே ஆடினான்," என்றான் ராட்னி. "எனக்கென்ன தெரியும்? காது அவனுது. ஒண்ணும் சொல்லல."

"பார்வையும் இல்லாம, சத்தமும் இல்லாம, உன்னை ரெண்டு ரவுண்டு அடிச்சான்?"

"ஏதோ குருட்டு அதிர்ஷ்டம்..." ராட்னி பாதியில் நிறுத்திக்கொண்டான்.

படியிலிருந்து கோரின் பேசினாள். "ஒரு ஸ்பீக்கர் லேசாக் குறைஞ்சாலே வீட்டை ரெண்டாக்குவான். முழிச்சிருந்தா முதல்ல கேட்டிருப்பான், 'சத்தம் எங்க?'ன்னு."

"ஆமா," என்றாள் லோர்னா. "அவன் கேக்கல. ஏன்னா இந்த நாற்காலில உக்கார வைக்கும்போதே அவனுக்கு நினைவு இல்ல. காபில கோரினோட தூக்க மாத்திரை. மூணு மணிக்குப் பரிசோதகர் கூப்பிட்டார், ரத்தத்துல இருக்கு. அந்தக் கோப்பையைத்தான் கழுவி வெச்சே. பதினாறு வருஷத்துல கழுவின முதல் கோப்பை. ரெண்டு கன்ட்ரோலரையும் நீயே வெச்சுக்கிட்டு ரெண்டு ரவுண்டு ஆடினே, உன்னை நீயே தோக்கடிச்சே. பாக்கறவங்களுக்குத் திரையில ஒரு கணக்குத் தெரியணும். ஹெட்போனை மாட்டினே, கையை எடுத்து மடில வெச்சே."

"குழாய்? குழாயை அள்ளாதது யாரு? அதையும் என் தலைல கட்டறியா?"

"வீட்டுப் பின்பக்கம் இருக்கற பனி வெறும் மாவு மாதிரி. அள்ளி அடைச்சா நிக்காது, உதிர்ந்துடும். நீயும் முயற்சி பண்ணிப் பாத்திருப்பே. அதனால தெருவோரத்துக் கட்டியைத் தூக்கிட்டு வந்தே, முதுகுவலியோட. அதுல பனிவாரி வண்டி போட்ட மணலும் உப்பும் இருக்கு. ஜெரோமோட வாளில உருகிக் கிடக்கு, பாரு. அந்த வரப்பு ஒன்பது நாப்பதுக்கு அப்புறம் வந்தது. ஒன்பது நாப்பதுக்கு கோரின் முதியோர் இல்லத்துல நாப்பது பேருக்கு உருளைக்கிழங்கு உரிச்சிட்டிருந்தா. வீட்ல நடமாடினது நீ ஒருத்தன்தான்."

திரையில் ஒருவன் விழுந்து கிடந்தான், இன்னொருவன் கையைத் தூக்கிக் குதித்தான். சத்தமே இல்லாமல்.

ராட்னி கோரினைப் பார்த்தான். "பதினாறு வருஷம், கோரின். ஆறு மாசம் பனி, ஆறு மாசம் கொசு. ஒரு தரம், ஒரே ஒரு தரம் நீ எனக்காக யோசிச்சிருந்தா..." அவனுக்கு அழுகை வந்தது. அவனுக்கு அது சுலபமாக வந்தது.

"பழியை என் மேல போடணும்னே குழாயை அடைச்சியா?" என்றாள் கோரின். கோபமாகக் கேட்கவில்லை.

"உன்னை யாரும் ஜெயில்ல போடமாட்டாங்க. மறதிதானே. நான் உன்னைக் கூட்டிட்டுப் போயிருப்பேன். வெயில்ல உக்கார வெச்சிருப்பேன்."

அவள் தலையை ஆட்டினாள், யாரோ வழி சொன்னதைக் கேட்டுக்கொண்ட மாதிரி. ஜெரோம் ராட்னியின் கையில் விலங்கு மாட்டி மேலே கூட்டிப் போனான். வாசல் கதவு சாத்தப்பட்டது. கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

லோர்னா படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆறுதல் சொல்ல அவளுக்கு எப்போதும் வராது.

"அப்ப நான் அள்ளினேனா?" என்றாள் கோரின்.

"என்ன?"

"குழாயை. நேத்துக் காலைல."

"அள்ளினீங்க. பனி ஏற்கெனவே மூடியிருந்தா அவன் மறுபடி அடைக்க வேண்டியதே இல்ல. நீங்க சுத்தமா அள்ளியிருந்ததாலதான் அவன் தெருவுல இருந்து தூக்கிட்டு வர வேண்டியிருந்துச்சு."

கோரின் ஏப்ரன் முடிச்சை அவிழ்த்தாள். "அள்ளினேன்," என்றாள். அழுகை வரும் என்று இருவரும் காத்திருந்தார்கள். வரவில்லை.

மணி 4.00. அறிக்கையில் ஒரு பெயர் எழுதப்பட்டது.

திங்கள், காலை மணி 6.00. ராத்திரி மறுபடி ஒரு அடி உயரப் பனி விழுந்திருந்தது. கோரின் பூட்ஸ் போட்டு, மண்வாரியை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிப் போனாள். குழாயைத் தோண்டினாள். நாலு வாரு போதும், எட்டு வாரினாள். கையுறையைக் கழற்றிக் குழாய் வாயில் விரலை வைத்தாள். சூடான காற்று விரலில் பட்டது. "இன்னிக்குத் திங்கட்கிழமை. அள்ளிட்டேன்," என்று உரக்கச் சொன்னாள். கேட்க யாரும் இல்லை.

உள்ளே வந்து மாடி ஏறினாள். ஞாயிறு ராத்திரி ஜெரோம் திரும்பி வந்து, ஆதாரத்துக்குப் படமெடுத்து முடித்த கன்சோலை மாடிக்குக் கொண்டுவந்து, அந்தச் சின்னப் பெட்டியில் சேர்த்து வைத்துவிட்டுப் போயிருந்தான். அவள் நாற்காலியைத் தரையிலிருந்த டேப் அடையாளத்துக்கு நேராக நகர்த்தி உட்கார்ந்து, கன்சோலை முடுக்கிவிட்டுக் கண்ணை மூடினாள். முதலில் இடது ஸ்பீக்கரிலிருந்து காலடிச் சத்தம் வந்தது, பிறகு வலதிலிருந்து. இத்தனை வருஷமும் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "சத்தத்தைக் குறைடா!" என்று அவள் கத்திய அதே சத்தம்தான்.

குறைக்கவில்லை. அப்போதுதான் அழுகை வந்தது.